கவிழ்த்து வைத்த அண்டா

எங்கள் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கழிவறையில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்கலாம். பதில் கிடைக்காது என்றாலும் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை என்பதை மட்டும் கேட்கக் கூடாது.

இது தெரியாமல், சேர்ந்த முதல் நாளே நான் கேட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் மோகன்ராஜ் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் எடுத்து, அதிலிருப்பது என் முகம்தானா என்று பார்த்தார்.

"உன் பேரு இன்னா?"

"செண்பகம் சார்."

"இதுக்கு முன்னாடி இன்னா வேலை செஞ்ச?"

"நடவு, களையெடுப்பு. கொஞ்ச நாளு செங்கல் சூளை."

"அங்கல்லாம் டைம் சொல்லித்தான் கூப்புடுவாங்களா?"

"ஆமா சார். விடிஞ்சா வரணும், வெயில் ஏறுனா போவணும்."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். "அதான் விவசாயம் இன்னிக்கி அந்த நெலமையில கீது" என்றார்.

என் வீட்டுக்காரர் சின்னராசு லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டு அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் நான் தேர்வாய் கண்டிகைக்கு வேலைக்குப் போனேன். கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி. கான்ட்ராக்ட் வேலைதான், ஆனால் இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. அந்த அட்டை இருந்தால் அவருக்கு டயாலிசிஸ் செலவில்லாமல் நடக்கும். வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அவர் போய்விடுவார். இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இருக்கவில்லை.

குழப்பமெல்லாம் நேரத்தில்தான். டயாலிசிஸ் செவ்வாயும் வெள்ளியும், திருவள்ளூரில், காலையில். போகும்போது நன்றாகத்தான் போவார். ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய பிறகு பிரஷர் இறங்கிவிடும். நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார். "தனியா மட்டும் அனுப்பாதம்மா, திரும்பறப்போ கூட ஆள் இருக்கணும்" என்று அங்கிருந்த நர்ஸ் முதல் வாரமே சொல்லிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூட இருக்க வேண்டிய ஆள் நான்தான். எனக்குக் காலையில் வேலை என்றால் முதல் நாள் சாயங்காலத்துக்குள் போன் செய்து சொல்ல வேண்டும், அவரை மதியத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு ஊசி ஏறிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆக, செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு வேலை உண்டா இல்லையா என்பது திங்கட்கிழமை தெரிய வேண்டும். இவ்வளவுதான் நான் அந்தக் கம்பெனியிடம் எதிர்பார்த்தது.

நேரத்தை அறிவிக்கக் கம்பெனியில் ஏற்பாடே இல்லை என்று சொல்லக் கூடாது. வாட்ஸப் குழு ஒன்று இருந்தது. அதற்கு 'நம் குடும்பம்' என்று பெயர். அதில் மோகன்ராஜ் சார் மட்டும்தான் பேச முடியும். தினமும் ஒரு ரோஜாப்பூ போட்டு வணக்கம் சொல்வார். சாயங்காலத்தில் ஷிப்ட் விவரம் போடுவார். போட்ட கையோடு அழித்துவிடுவார். நாங்கள் திறந்து பார்க்கும்போது 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரிக்குக் கீழே கட்டைவிரல் போட வேண்டும். போடாதவர்களின் பெயரை மறுநாள் கூட்டத்தில் வாசிப்பார்.

என் பக்கத்து மிஷினில் வேலை செய்த ஜெனிபர் இதைப் பல வாரம் கவனித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"யக்கா, ஒரு தபா அழிச்சா காலைல வேலை. ரெண்டு தபா அழிச்சா மதியம். நான் பாத்துட்டேன்."

"மூணு தபா அழிச்சா?"

"அவரு பொண்டாட்டி கூட சண்டைன்னு அர்த்தம்."

கொஞ்ச நாள் அது சரியாகவும் இருந்தது. நான் அதை நம்பி ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு திருவள்ளூர் போனேன். மறுநாள் கம்பெனி வாசலில் அடையாள அட்டையை மிஷினில் காட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. நேற்றுக் காலையில் எனக்கு வேலை இருந்திருக்கிறது.

வேலைக்கு வராதவர்களுக்கு எங்கள் கம்பெனி தண்டனை கொடுப்பதில்லை. 'ரெஸ்ட்' கொடுக்கும். ஒரு வாரம் உள்ளே விட மாட்டார்கள், அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். இரண்டாவது முறையும் ரெஸ்ட் வாங்கினால் கான்ட்ராக்டர் பெயரை எடுத்துவிடுவார். பெயர் போன அன்றே அட்டையும் போகும்.

ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துவிட்டு நேரே எச்.ஆர். காயத்ரி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். நல்ல மாதிரியான பெண். உட்காரச் சொன்னார். ஷிப்ட் மாற்றுவதற்கு விண்ணப்பம் இருக்கிறது என்று ஒரு தாளையும் கொடுத்தார்.

"எந்த ஷிப்ட்லேர்ந்து எந்த ஷிப்டுக்கு மாத்தணும்?"

"காலைலேர்ந்து மதியத்துக்கு மேடம். செவ்வா, வெள்ளி மட்டும்."

"வர்ற செவ்வாக்கெழமை உங்களுக்குக் காலை ஷிப்டா?"

"தெரியாது மேடம்."

"தெரியாத ஷிப்ட எப்படிம்மா மாத்தறது?"

"எதுன்னு நீங்க சொன்னீங்கன்னா எழுதிடறேன்."

"அத நாங்க சொல்லக் கூடாது. சூப்பர்வைசர்தான் சொல்லணும்."

சூப்பர்வைசரிடம் போனேன். வீட்டுக்காரருக்கு உடம்பு இப்படி, திருவள்ளூருக்குக் கூடப் போக ஆளில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் பேசப்போகிறார் என்று பொருள்.

"இங்க பாரு செண்பகம். நான் உங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்னு வச்சிக்கோ. நீ அத நம்பி ஒரு வேலைய வச்சிக்குவ. அப்பால நான் மாத்திட்டா உனக்குத்தான் கஷ்டம். சொல்லாமலே வுட்டா உனக்கு ஏமாத்தமே கெடையாது. உன் நல்லதுக்குத்தான் நான் சொல்ல மாட்டேங்கறேன். இத யாரும் புரிஞ்சிக்க மாட்டேங்கறீங்க."

"ஒரு நாளு முன்னாடி தெரிஞ்சா போதும் சார்."

"இன்னிக்கி ஒரு நாளு முன்னாடிம்ப. நாளைக்கி ஒரு வாரம் முன்னாடிம்ப. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சி அவுங்கவுங்க கரெக்டா வந்து கரெக்டா போய்க்கினு இருந்தா, அப்பால சூப்பர்வைசர்னு ஒருத்தன் எதுக்கு?"

பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர் கெங்கம்மாக்கா. பெரியபாளையத்துக்காரர். இட்லி அண்டா இரண்டு வைத்திருந்தார். அவருக்குச் சூப்பர்வைசரைத் தெரியாது, கான்ட்ராக்டர்தான் தெரியும். நாளைக்குக் காலையில் எத்தனை பேருக்கு நாஷ்டா என்று கான்ட்ராக்டர் மதியமே சொல்லிவிடுவார், ஏனென்றால் மாவை அப்போதே அரைத்து வைத்தால்தான் புளிக்கும். மனிதர்களிடம் கடைசி நிமிடம் வரை சொல்லாமல் இருக்கலாம். மாவிடம் அப்படி இருக்க முடியாது.

இதைக் கண்டுபிடித்தது ஜெனிபர்தான். சட்னி ஊற்றிக்கொள்ளப் போன இடத்தில் பார்த்திருக்கிறாள். இரண்டு அண்டாவிலும் மாவு இருந்தால் மறுநாள் காலையில் எங்கள் லைனுக்கு வேலை. ஓர் அண்டாவில் மட்டும் இருந்தால் பக்கத்து லைனுக்கு மட்டும்தான், எங்களுக்கு மதியம். இரண்டும் காலி என்றால் கம்பெனிக்கே லீவு. அது ஒரு நாளும் தவறவில்லை.

அதன் பிறகு எங்களுக்கு விடிவு காலம். போகிற போக்கில், "கெங்கம்மாக்கா, எத்தினி?" என்று கேட்போம். "ஒண்ணும்மா" என்பார். நான் பஸ்ஸில் ஏறியதும் திருவள்ளூருக்குப் போன் செய்து சொல்லிவிடுவேன். பல மாதம் நான் ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. காலையானால் காலை, மதியமானால் மதியம். திரும்பும்போது பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்துகொண்டு வருவார்.

"உங்க கம்பெனி மொதலாளி யாரு மே?"

"எவனோ வடநாட்டுக்காரன்."

"அவன் எதுக்கு? கெங்கம்மாவே நடத்திட்டுப் போவும். நான் லாரி ஓட்டச்சொல்லோ எங்க ஓனருக்கு லோடு எங்க போவுதுன்னே தெரியாது. கிளீனருக்குத்தான் தெரியும்."

"கம்முனு வா. மூச்சு வாங்குது பாரு."

"மூச்சு வாங்குனா நல்லதுதான. வுட்டுட்டாத்தான் பேஜாரு."

இப்படித்தான் பேசுவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லோரும் சரியான நேரத்துக்கு வர ஆரம்பித்ததும் மோகன்ராஜ் சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும் முன் எங்களை வரிசையில் நிறுத்தி வலது கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைப்பார்கள். 'நேரம் தவறாமை என் மூச்சு, காலம் அறிதல் என் கடமை' என்று அது தொடங்கும். ஒரு நாள் உறுதிமொழி முடிந்ததும் அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"வேலை நேரத்தைச் சிலர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வேலைக்கு வருவதாக நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இது ஒழுங்கீனம். தகவல் வெளியே போகும் இடம் கேன்டீன் என்று தெரியவந்துள்ளது. இனி கேன்டீன் ஊழியர்கள் யாரும் தொழிலாளர்களிடம் பேசக் கூடாது. மாவு மூடப்பட்டிருக்க வேண்டும்."

மறுநாளிலிருந்து அண்டாக்களின் மேல் நீலத் தார்பாய் போட்டுக் கயிறு கட்டினார்கள். பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மாவு பொங்கித் தார்பாயைத் தள்ளிக்கொண்டு வழிந்த அன்று அவன் விசில் ஊதினான். கான்ட்ராக்டர் வந்து, மோகன்ராஜ் சார் வந்து, கடைசியில் காயத்ரி மேடமும் வந்து அந்த மாவைப் பார்த்தார்கள். சம்பவ அறிக்கை எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் 'புளிப்பு' என்று எழுதினார்கள்.

கெங்கம்மாக்கா எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் மாவு அரைக்காத அண்டாவைக் கழுவிச் சமையலறைக்குப் பின்னால் வெயிலில் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். பாத்திரத்தைக் காய வைக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து கம்பி வேலி வழியாக அது நன்றாகத் தெரியும். அண்டா எதுவும் இல்லையென்றால் காலையில் வேலை. ஒன்று கவிழ்ந்திருந்தால் மதியம். பஸ்ஸில் ஏறும்போது எல்லோரும் ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்போம். கோயிலைத் தாண்டும்போது திரும்பிக் கும்பிடுவோமே, அந்த மாதிரி. மோகன்ராஜ் சாரும் அதைப் பார்த்திருக்கிறார். பக்தி என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு அண்டாக்களும் கவிழ்ந்திருந்தன.

பஸ்ஸில் கல்யாண வீடு மாதிரி சத்தம். "நாளைக்கி லீவுடீ!" என்று ஜெனிபர் கூவினாள். அவள் பையனுக்கு மொட்டை போட வேளாங்கண்ணி போக முடியவில்லையே என்று இருந்தவள், பெசன்ட் நகர் மாதா கோயிலுக்காவது போய்விட்டு வருகிறேன் என்று அங்கேயே முடிவு செய்தாள். நான் வீட்டுக்கு வந்து அவரிடம், நாளைக்குக் காலையிலேயே போய்விடலாம், மதியத்துக்கு மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். திரும்பும்போது பெரியபாளையத்தில் இறங்கி அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் சொன்னார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புதுவாயல் கூட்ரோட்டில், பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். டீக்கடையில் அவருக்கு அளவாக அரை டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கவில்லை, எங்கள் கம்பெனி பஸ் வந்து எங்கள் முன்னால் நின்றது. படியில் மோகன்ராஜ் சார் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். உள்ளே ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் பையன் உட்காரும் இடத்தில் டிபன்பாக்ஸ் இருந்தது. என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னா செண்பகம், இங்க நிக்கற? குரூப் பாக்கலையா? ஏறு, ஏறு."

"இன்னிக்கி லீவு இல்லையா சார்?"

"யாரு சொன்னா லீவுன்னு?"

அண்டா சொன்னது என்று சொல்ல முடியுமா?

"கம்பெனிக்கு அவார்டு குடுக்கறாங்க. எல்லா லைனும் வந்தே ஆவணும். வெளியேர்ந்து பிரியாணி வருது, இன்னாவோ காசு கேட்ட மாதிரி நிக்கறீங்க."

பிரியாணி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் மாவு அரைக்கவில்லை.

"சார், இவரு எங்க வூட்டுக்காரரு. இவரத்தான் திருவள்ளூருக்கு..."

"வணக்கம் சார்" என்றார் மோகன்ராஜ் அவரிடம், மரியாதையாக. பிறகு என்னிடம், "உனக்கு ஏற்கெனவே ஒரு ரெஸ்ட் ஆயிருக்கு. ஞாபகம் கீதா?" என்றார். குரலில் கோபமே இல்லை. பஸ்ஸின் நம்பரைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் மணியைப் பார்த்தேன். மதியத்துக்கு மாற்றச் சொல்லும் நேரம் நேற்றே போய்விட்டது. சின்னராசு டீ டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"நீ போ மே. கல்கத்தா வரிக்கும் லோடு ஏத்தினு போனவன், திருவள்ளூர் போய் வர மாட்டனா?"

"திரும்பறப்போ..."

"திரும்பறப்போ ஒக்காந்து ஒக்காந்து வரேன். ஏறு, பஸ்ஸு நிக்குதில்ல."

ஏறினேன். டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது. கம்பெனி வரைக்கும் கையில்தான் இருந்தது.

வாசலில் வழக்கம் போலப் போனை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். மிஷின்களுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. நடுவில் மேடை. மேலே பேனரில் 'நேர ஒழுங்கில் முன்மாதிரி நிறுவனம்' என்று எழுதியிருந்தது. எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. கை தட்ட வேண்டும். காயத்ரி மேடம் முன்னால் நின்று கையைத் தூக்கும்போது தட்ட வேண்டும், இறக்கும்போது நிறுத்த வேண்டும். இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம்.

சென்னையிலிருந்து ஒரு தொழிலதிபர் சங்கத்தின் தலைவர் வந்து விருது கொடுப்பதாக ஏற்பாடு. அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். பசித்தது. அவர் வந்த பிறகுதான் பிரியாணி. ஊசி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, ஊசியை எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போய் மோகன்ராஜ் சாரிடம், ஒரே ஒரு போன் செய்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"கேட்டு மூடியாச்சி. கெஸ்ட் போனப்பறம்தான் தெறப்பாங்க."

"கெஸ்ட் எப்ப சார் போவாரு?"

"வரணுமே மொதல்ல."

தலைவர் வந்தார். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் ஆன பிறகு மோகன்ராஜ் சார் பேசினார். அவர் எழுதி வைத்துப் படித்ததால் பேச்சு அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மற்ற நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நேர அட்டவணை கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துத் தொழிலாளி வருகிறான். அது ஒழுங்கா? அது அட்டவணையின் ஒழுங்கு. எங்கள் நிறுவனத்தில் நாங்கள் யாருக்கும் நேரம் சொல்வதில்லை. ஆனாலும் அனைவரும் குறித்த நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். எப்படி வருகிறார்கள்? எங்களுக்கே தெரியாது. அதுதான் எங்கள் வெற்றி."

காயத்ரி மேடம் கையைத் தூக்கினார். நாங்கள் தட்டினோம்.

தலைவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தது நான். "சொல்லுங்கம்மா, நாளைக்கு உங்களுக்கு எத்தனை மணிக்கு வேலை?" என்று மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"தெரியாது சார்."

"இன்றைக்கு வேலை எப்போது முடியும்?"

"தெரியாது சார். முடிஞ்சா நல்லாருக்கும்."

தலைவர் மேடையைப் பார்த்துத் திரும்பினார். "நேரத்தைப் பற்றிய நினைப்பே இல்லை! வேலை ஒன்றுதான் நினைப்பு! இந்தத் தாய்க்கு நான் தலை வணங்குகிறேன்" என்று சொல்லி உண்மையாகவே வணங்கினார். மேடம் கையைத் தூக்கினார். எல்லோரும் எனக்காகத் தட்டினார்கள். ஜெனிபர் மட்டும் தட்டவில்லை.

எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பேட்டரியை நாங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டியிலிருந்து போனை எடுத்தபோது தெரியாத நம்பரிலிருந்து நிறைய அழைப்புகள் இருந்தன. திருப்பிக் கூப்பிட்டேன். பெரியபாளையத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஈஸ்வரி என்ற பெண் எடுத்தாள். அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டில் என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் மெதுவாகச் சொல்லத் தெரிந்தவள். மெதுவாகச் சொன்னாலும் சொல்ல வேண்டியது அதேதான்.

பிறகு அவளை நேரில் பார்த்தேன். திரும்பும் வழியில் இவர் அம்மன் கோயில் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, அவள் கடை முன்னால் பூக்கூடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உட்கார வைத்து சோடா கொடுத்திருக்கிறாள். "ஊட்ல யாருக்காவது போன் போடவாண்ணேன்னு கேட்டன்மா. பொண்டாட்டி வேலைக்குப் போய்க்கிறா, போன் போட்டா அவளுக்குப் பேஜாரு, செத்த நேரம் ஒக்காந்தா சரியாயிடும்னாரு. ரெண்டு மொழம் பூ குடுன்னு கேட்டாரு. நான் அளந்துகினே இருந்தேன்." ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றாள். அந்தப் பூவைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மோகன்ராஜ் சார் போன் செய்தார். கம்பெனியே துக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நாளைக்கி காலைல பத்து மணிக்கு சார்."

"பத்து மணிக்கா? காலைல வேணாம்மா. நம்ம ஆளுங்கள்லாம் வரணுமில்ல? யாருக்குக் காலைல ஷிப்ட், யாருக்கு மதியம்னு இப்பவே சொல்ல முடியாத நெலமையா கீது. நீங்க கொஞ்சம் முன்ன பின்ன வச்சிக்கிட்டா நான் நெலமையப் பாத்துட்டு ஒரு டைம் சொல்றேன்."

"பத்து மணி சார்."

"இல்லம்மா, அப்படி ஒரேயடியா டைம் சொல்லிட்டீங்கன்னா..."

"பத்து மணிக்கு எடுத்துடுவோம் சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பஸ் படியில் நின்று பேசினாரே, அந்தக் குரல் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

ஜெனிபர் அந்த நேரத்தை எல்லோருக்கும் சொன்னாள். மறுநாள் பொழுது விடிந்து நன்றாக வெளிச்சம் வந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் லைன், பக்கத்து லைன், பஸ் டிரைவர் வரதன், எல்லோரும். யாரும் யாரிடமும் லீவு கேட்கவில்லை. முதல் நாளே வெளிப்படையாகச் சொன்ன நேரத்துக்கு அவர்கள் ஒன்றாக ஓரிடத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். கெங்கம்மாக்கா கழுவாத கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் சும்மாதான்டி கவுத்து வச்சேன். அடுப்பே இல்லன்னாங்க, கழுவி வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மோளம் அடிப்பவர்கள் வந்தார்கள். சின்னராசுவின் தம்பி அன்புராஜ், ராத்திரிதான் வெளியூரிலிருந்து வந்தவன், கொள்ளி வைக்கத் தலைமுழுகி நின்றான். பத்து மணிக்கு எடுத்துவிட்டோம்.

எல்லோரும் சுடுகாட்டிலிருந்து திரும்பி, வீடு கழுவி, தண்ணீர் வாசலில் ஓடிக்கொண்டிருந்தபோது கம்பெனி கார் வந்து தெருமுனையில் நின்றது. மோகன்ராஜ் சார் பெரிய மாலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தார். மாலையின் நடுவில் கம்பெனி பெயர் போட்ட அட்டை இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். காலி பெஞ்சு மட்டும்தான் கிடந்தது.

"எடுத்துட்டீங்களா?"

"ஆமா சார்."

"அதுக்குள்ளயா?"

"பத்து மணின்னு சொன்னனே சார்."

அவர் வாசலில் உட்கார்ந்திருந்த லைன் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொன்னீங்கம்மா, சொன்னீங்க. இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா அப்படியே செஞ்சிடுவீங்கன்னு நான் நெனைக்கல."

அவர் முகத்தில் நடிப்பு இல்லை. நிஜமாகவே அவருக்கு அது புரியவில்லை. மாலை கனத்தது போலிருக்கிறது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.